அயல்நாட்டில் தலைப்பிரசவம்

திருமணப் பேச்சு நடக்கும் வீட்டில் "மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார்" என்ற ஒரு சொல் எழுந்துவிட்டால், அதற்குமேல் கேள்விகள் குறைந்துவிடுகின்றன. சம்பளம் எவ்வளவு, விடுமுறை எத்தனை நாள், உடனிருப்போர் எந்த ஊரார் என்ற மூன்றையும் கேட்டறிந்ததும் பெரியவர்கள் மனநிறைவு கொண்டு வெற்றிலைத் தட்டை முன்னே தள்ளிவிடுகின்றனர். நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. மனைவியை அழைத்து வைத்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் அவருக்கு இடந்தருமா? அங்கே அவள் கருவுற்றால் மருத்துவச் செலவை ஏற்பவர் யார்? இந்த நான்காவது கேள்வியின் கனத்தை எங்கள் குடும்பம் 2018ஆம் ஆண்டில் உணர்ந்தது. சபராளிகளின் பெற்றோருக்கும், மகளை அயல்நாட்டுக்கு அனுப்பவிருக்கும் தாய்மார்களுக்கும் பயன்படுமென்ற எண்ணத்தால் அதனை எழுதுகிறேன்.

வேலூர் பாக்கியாத்தில் ஓதிய நாள்முதல் அரபியோடு பழகி வருபவன் நான். முப்பதாண்டுகளாக அதனைக் கற்பித்தும் வருகிறேன். ஆயினும் நான் அறிந்த அரபி, கிதாபுகளின் அரபி. தொழுகையையும் நோன்பையும், வாங்கல் விற்றலையும், மணவிலக்கையும் பாகப்பிரிவினையையும் பேசுகின்ற அரபி. வளைகுடா அலுவலகங்களின் அரபி எனக்கு அறிமுகமானது என் இளைய மகளின் தாள்கள் வழியாகத்தான். பழகிய சொற்களே அங்கே வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தன. 'இகாமா' என்றால் ஜமாஅத்துத் தொழுகைக்கு அணிவகுக்குமுன் சொல்லப்படுவது என்பதை நம் வீட்டுக் குழந்தையும் அறியும். அங்கே அது குடியிருப்பு அனுமதி. 'நிலைநிறுத்துதல், தங்குதல்' என்ற ஒரே வேரில் பிறந்தவை இரண்டும். ஒன்று இறைவன் முன்னே நிற்பதற்கு. மற்றது ஒரு மண்ணில் நிற்பதற்கு. இந்த இரண்டாம் இகாமா இன்றி ஒரு பெண் அந்நாட்டில் கணவனோடு நிலைத்து வாழ இயலாது. அது எளிதில் கிடைப்பதுமில்லை.

என் மகளுக்கு 2017ஆம் ஆண்டில் நிக்காஹ் நடந்தது. மருமகன் துபாயின் தேரா பகுதியில் ஒரு மொத்த வணிகக் கடையில் கணக்கெழுதுபவர். மாதம் 4,500 திர்ஹம் சம்பளம். குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹம் சம்பளமேனும், அல்லது இருப்பிடத்தோடு கூடிய 3,000 திர்ஹம் சம்பளமேனும் வேண்டும் என்பது அங்குள்ள விதி. அந்நாளில் இதனோடு தொழிலின் பெயரையும் பார்த்தனர். இகாமாவில் எழுதப்பட்ட தொழில் அனுமதிக்கப்பட்ட வகையைச் சார்ந்ததாக இராவிடில், சம்பளம் இருந்தும் மனைவியை அழைக்க முடியாது. 2019ஆம் ஆண்டில் அந்நாட்டு அமைச்சரவை தொழிற்பெயர் நிபந்தனையை நீக்கி, வருமானத்தை மட்டுமே அளவுகோலாக்கியது. மருமகனுக்குத் தொழிற்பெயரால் தடையில்லை. சம்பளமும் எல்லையைத் தாண்டியிருந்தது. எனினும் வீட்டு வாடகை அச்சுறுத்தியது. முதலில் மூன்று மாதச் சுற்றுலா விசாவில் அழைத்துக் கொள்வது, பிறகு வசதிபோல் இகாமாவுக்கு மாற்றிக்கொள்வது என்று இருவரும் முடிவு செய்தனர். 2018 ஏப்ரல் தொடக்கத்தில் அவள் விமானமேறினாள். மே நடுவில், ரமளான் பிறை தென்பட்ட வாரத்தில், தொலைபேசியில் தன் உம்மாவிடம் செய்தி சொன்னாள். வீடெங்கும் மகிழ்ச்சி பரவிற்று. அல்ஹம்துலில்லாஹ்!

மகிழ்ச்சிக்குப் பின்னால் கணக்கு வந்து நின்றது. சுற்றுலா விசாவில் வந்தவருக்கு அங்கே மருத்துவக் காப்பீட்டு உரிமை இல்லை. முதல்முறை மருத்துவரைக் கண்டதற்கும், இரத்தப் பரிசோதனைக்கும், ஸ்கேனுக்கும் மருமகன் ரொக்கமாகவே கட்டினார். இனி மாதந்தோறும் கட்டவேண்டும்; கடைசியில் பிரசவச் செலவு மலைபோல் வந்து நிற்கும். காப்பீடு வேண்டுமாயின் இகாமா வேண்டும். இகாமா வேண்டுமாயின், அவள் இவரின் மனைவி என்பதற்கு அந்நாடு ஏற்கும் சான்று வேண்டும். இவை யாவும் ஜூன் இறுதியில் விசா முடிவதற்குள் நடந்தேற வேண்டும்.

சான்று என்றதும் நம் ஊர் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். பள்ளிவாசல் தஃப்தரில் மணமகன் கையெழுத்திடுகிறார்; வலியும் சாட்சிகளும் ஒப்பமிடுகின்றனர்; மஹர் எழுதப்படுகிறது. ஷரீஅத்தின்படி நிக்காஹ் நிறைவேறிவிட்டது. ஆனால் கடல் கடந்த அலுவலகத்துக்கு எங்கள் முத்தவல்லியின் கையெழுத்தும் தெரியாது. பள்ளிவாசல் முத்திரையும் தெரியாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் எல்லாச் சமயத்தாரும் திருமணத்தைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. திருமணம் நடந்த 90 நாளுக்குள் பதிவு செய்வது முறை. தஃப்தரின் நகலைக் கொண்டுசென்று சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்னரே பதிந்து சான்றிதழ் பெற்றிருந்தோம். அந்தத் தாள் அப்போது எங்கள் கையிலிருந்த பெருஞ்செல்வம்.

ஆனால் அதிலும் ஒரு முள் இருந்தது. சான்றிதழை எழுதிய எழுத்தர், மகளின் பெயரில் ஆங்கில எழுத்து ஒன்றைக் கூட்டிவிட்டார். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து இல்லை. ஓர் எழுத்துத்தானே என்று நாம் நினைப்போம். அலுவலகங்களுக்கோ ஓர் எழுத்து வேறுபட்டால் ஆளே வேறுபட்டுவிடுகிறார். திருத்தம் பெற மூன்று வாரம் சென்றது. அதன்பின் அந்தத் தாள் புறப்பட்ட பயணம் ஒரு சபராளியின் பயணத்தை விஞ்சுவதாயிருந்தது. சென்னையில் மாநில அரசின் சான்றொப்பம். தில்லியில் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம். பின்னர் ஐக்கிய அரபு அமீரகத் தூதரகத்தின் முத்திரை. துபாய் சேர்ந்தபின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. இறுதியாக, அரசு உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு அரபியாக்கம். இந்த வேலைகளை முடித்துத் தருவோர் மண்ணடியில் பலர் இருக்கின்றனர். அவர்களிடம் நான் நடந்த நடையில் என் செருப்புத் தேய்ந்தது.

அரபியாக்கத்தின் படத்தை மருமகன் அனுப்பியபோது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. அரபியில் பிறந்த பெயர், தமிழகத்துக்கு வந்து தமிழாகி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமாகி, மீண்டும் அரபிக்குத் திரும்பியபோது தன் தாய்வீட்டாருக்கே அடையாளம் தெரியாமல் போயிருந்தது. பாத்திமா போன்ற பெயர்களுக்கு இது நாள்தோறும் நேர்வதாம். மொழிபெயர்ப்பாளர் ஆங்கில எழுத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறார். அந்தப் பெயரின் மூலம் எது என்று அவர் ஆராய்வதில்லை. ஆகவே ஓர் அரபுக் குழந்தையும் செய்யாத எழுத்துப் பிழையோடு நம் பெண்களின் பெயர்கள் அந்நாட்டு அட்டைகளில் ஏறிவிடுகின்றன. அதனைத் திருத்தச் சொல்லலாமா என்று எண்ணினேன். எல்லாத் தாள்களிலும் ஒரேமாதிரி இருப்பதே இப்போது முக்கியம் என்று மருமகன் சொன்னார். அவர் சொன்னது சரி.

இந்த வேலைகள் நடந்துகொண்டிருந்த காலம் ரமளான். அலுவலக நேரம் குறைந்திருந்தது. பின்னால் பெருநாள் விடுமுறையும் காத்திருந்தது. கடைசிப் பத்தில் ஓரிரவு, தராவீஹ் முடிந்து வெகுநேரத்துக்குப் பின், மகளுக்கு உதிரம் கண்டது. ஒன்பதாம் வாரம். மருமகன் அவளை ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்தோடினார். அங்கே அவளை ஏற்றுக்கொண்டனர். அந்த மட்டில் அவர்களுக்கு நன்றி. ஆனால் மருத்துவர் வருமுன்னரே ஓர் எழுத்தர் வந்து, காப்பீட்டு அட்டை இருக்கிறதா, இல்லையெனில் முன்பணம் எவ்வளவு கட்டுவீர்கள் என்று கேட்டிருக்கிறார். கேட்கப்பட்ட தொகை அவரிடம் இல்லை.

அவர் தம் பழைய அறைக்குத் தொலைபேசினார். திருமணத்துக்கு முன் அவர் தங்கியிருந்த அறை அது. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த கட்டில்களில் நம் பக்கத்து ஊர்களைச் சேர்ந்த எட்டுப்பேர் வாழ்ந்த அறை. சஹருக்காக விழித்திருந்த அந்த எட்டுப்பேரும் தம் பைகளிலிருந்ததை எல்லாம் திரட்டிக்கொண்டு அரைமணி நேரத்தில் வந்து நின்றனர். ஒருவர் ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பெருநாள் பணத்தைக் கொடுத்தார். முன்பணம் கட்டப்பட்டது. ஸ்கேன் எடுத்தனர். உள்ளே சிறு உயிரின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. சுபுஹு வேளையில் மருமகன் எனக்குச் சொன்ன முதற்சொல் அதுதான்: "துடிக்கிறது, மாமா!"

அந்த எட்டுப்பேரைப் பற்றிச் சற்றே சொல்ல வேண்டும். அவர்களில் அறுவர் மணமானவர்கள். ஒருவரின் மனைவிகூட அங்கே இல்லை. பிரிந்து வாழ அவர்கள் விரும்பவில்லை. அவர்களின் சம்பளந்தான் அந்த 4,000 திர்ஹமை எட்டவில்லை. ஆண்டுக்கொருமுறையோ, ஈராண்டுக்கொருமுறையோ ஊர் வந்து, பிள்ளையைத் தூக்கி, அது தம்மை அடையாளங்கண்டு சிரிக்கத் தொடங்கும்போது திரும்பிச் செல்பவர்கள். தம் மனைவியின் பேறுகாலத்தை ஒருவரும் அருகிருந்து கண்டதில்லை. அத்தகையோர்தாம் இன்னொருவர் மனைவிக்காக நள்ளிரவில் மருத்துவமனையின் வாசலில் நின்றனர். மனைவியை அழைத்து வரும் கணவனை அந்நாட்டில் 'கஃபீல்' என்பர். அவன் அவளுக்குப் பொறுப்பாளி. நாம் ஓதும் ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களிலும் 'கஃபாலா' என்றொரு பாடம் உண்டு. ஒருவரை உரிய நேரத்தில் கொண்டுவந்து நிறுத்துவதாகப் பொறுப்பேற்பது அது. அன்னை மர்யமை ஸக்கரிய்யா நபி அவர்கள் பொறுப்பேற்று வளர்த்ததைத் திருக்குர்ஆன் கூறுமிடத்திலும் இதே வேர்ச்சொல்தான் வருகிறது. சட்டத்தின் தாளில் கஃபீல் ஒருவர். அந்த இரவில் என் மகளுக்கு கஃபீல்கள் ஒன்பதுபேர்.

பெருநாள் கழிந்தது. ஜூன் இறுதியில், நாட்டைவிட்டு வெளியேறாமலே விசாவை மாற்றிக்கொள்ளும் கட்டணத்தைச் செலுத்தி நுழைவு அனுமதி பெற்றனர். அடுத்தது மருத்துவத் தகுதிப் பரிசோதனை. குருதிச் சோதனையோடு மார்புக்கு எக்ஸ்ரே எடுப்பதும் அங்கே வழக்கம். வரிசையில் நின்ற மகள் தான் கருவுற்றிருப்பதைத் தாதியிடம் சொல்லி, மருத்துவரின் சீட்டைக் காட்டியதும் எக்ஸ்ரே அறைக்கு அனுப்பாமல் விட்டுவிட்டனர். வெட்கத்தால் வாய்திறவாது நின்றிருந்தால் என்னவாகும்? நம் பெண்களுக்கு நாணம் அணிகலன்தான். மருத்துவமனையின் வரிசையில் அந்த அணிகலனைச் சற்றே கழற்றி வைக்கத்தான் வேண்டும்.

இனிக் காப்பீடு. துபாயில் 2013ஆம் ஆண்டின் 11ஆம் எண் சட்டம் மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 2014 முதல் அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பணியாளுக்குக் காப்பீடு எடுத்துத் தருவது முதலாளியின் கடமை. மனைவி மக்களுக்கு எடுப்பது அவர்களை அழைத்து வந்தவரின் கடமை. காப்பீடு இன்றி இகாமா வழங்கப்படுவதுமில்லை, புதுப்பிக்கப்படுவதுமில்லை. அச்சட்டத்தின் அடிப்படைத் திட்டத்தில் பேறுகாலத்துக்கென்று சில உரிமைகள் வரையறுக்கப்பட்டுள்ளன. பிரசவத்துக்குமுன் மருத்துவரைக் காண எட்டு முறை, ஸ்கேன் மூன்று, ஒவ்வொரு செலவிலும் நூற்றுக்குப் பத்து நம் பங்கு. இயல்பான பிரசவத்துக்கு 7,000 திர்ஹம் வரை. மருத்துவக் காரணத்தால் அறுவை செய்ய நேர்ந்தால் 10,000 திர்ஹம் வரை. பிறந்த குழந்தைக்கு முதல் 30 நாள் தாயின் காப்பீட்டிலேயே இடமுண்டு. எல்லைக்கு மேற்பட்டதைக் குடும்பம் ஏற்க வேண்டும். பெரிய தனியார் மருத்துவமனையில் பிள்ளை பெற இத்தொகை போதாது. நடுத்தர மருத்துவமனையைத் தேர்ந்தால் ஓரளவு தாங்கும். மணமான இளம்பெண்ணுக்குக் கட்டணம் மற்றவர்களைவிடக் கூடுதல். காரணம் எவர்க்கும் விளங்கும்.

காப்பீட்டுக்கு அரபியில் 'தஃமீன்'. இந்தச் சொல்லும் என்னைப் பழைய வகுப்பறைக்கு அழைத்துச் சென்றது. நம் ஃபிக்ஹு நூல்களில் 'தஃமீன்' என்றால் ஃபாத்திஹா முடிந்ததும் 'ஆமீன்' சொல்வது. எழுத்திலும் ஒலியிலும் வேறுபாடில்லை. அச்சமின்மை என்ற பொருளுடைய 'அம்ன்' என்னும் வேர் காப்பீட்டுக்கு உரியது.

தஃமீனுக்கு விண்ணப்பிக்கும் நாளில் மகள் என்னை அழைத்தாள். "வாப்பா, இந்தத் தாளில் 'நீங்கள் கருவுற்றிருக்கிறீர்களா?' என்று ஒரு கேள்வி இருக்கிறது. 'இல்லை' என்று எழுதுங்கள், கட்டணம் குறையும், இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிறார் முகவர். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம். நான் என்ன எழுதட்டும்?"

அவளுடைய குரலில் தயக்கம் இருந்தது. மருமகனின் நிலையும் எனக்குத் தெரியும். மருத்துவமனைக் கடன் தீரவில்லை. முத்திரைகளுக்கும் விசா மாற்றத்துக்கும் கொடுத்தது வேறு. 'இல்லை' என்ற ஒரு சொல் பெரிய தொகையை மிச்சப்படுத்தும். நான் சொன்னேன்: "மகளே, பண்டத்தின் குறையை மறைத்து விற்பவனை வணிகப் பாடத்தில் என்னவென்று ஓதினாயோ, அதுவே வாங்குபவருக்கும் பொருந்தும். வயிற்றில் இருக்கும் பிள்ளையை இல்லையென்று எழுதித்தான் அதற்குப் பாதுகாப்புத் தேட வேண்டுமா? உண்டு என்று எழுது. கூடுவதை நான் தருகிறேன்."

அவள் 'உண்டு' என்று எழுதினாள். ஒரு நிறுவனம் தட்டிக் கழித்தது. இன்னொன்று கூடுதல் கட்டணம் கேட்டு ஏற்றுக்கொண்டது. என் சேமிப்பிலிருந்து ஒரு பகுதி அதற்குச் சென்றது. உண்மை எழுதியதன் பயன் பின்னால் தெரிந்தது. அதே முகவரின் சொற்கேட்டு 'இல்லை' என்று எழுதிய இன்னொரு நம்மூர்ப் பெண்ணின் செலவை, கருவின் வயதை ஸ்கேனில் கணக்கிட்டுப் பார்த்த நிறுவனம் ஏற்க மறுத்துவிட்டது. மறைத்து வாங்கிய காப்பீடு ஓட்டைப் படகு. கரையில் இருக்கும்வரை படகுபோலத் தோன்றும்.

இவ்விடத்தில் வாசகர் சிலர் கேட்கக்கூடும்: காப்பீடே ஆகுமா? நியாயமான வினா. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு பேரவை 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடியபோது, வணிகக் காப்பீடு கூடாதென்றும், ஒருவருக்கொருவர் உதவும் அடிப்படையிலான கூட்டுறவுக் காப்பீடு கூடுமென்றும் தீர்மானித்தது. அவ்வடிப்படையில் 'தகாஃபுல்' நிறுவனங்கள் அமீரகத்தில் இயங்குகின்றன. கிடைக்குமிடத்தில் அதனையே தேர்ந்துகொள்வது நன்று. அது கிட்டாதபோது, அரசு கட்டாயப்படுத்துவதைச் செய்கின்றவர் குற்றவாளியாகார் என்பதே நான் கற்ற ஆசிரியர்களின் வழியில் நான் புரிந்துகொண்டது. ஐயமுள்ளோர் தத்தம் ஊர் ஆலிம்களைக் கேட்டுத் தெளிக.

ஜூலை இறுதியில் அட்டை வந்தது. அதன் படத்தைப் பார்த்து எனக்கு இன்னொரு சொல் நினைவுக்கு வந்தது. அரபியில் கருவுற்றவளை 'ஹாமில்' என்பர். பெண்பால் விகுதியைச் சேர்ப்பதில்லை. ஆணுக்கு அந்நிலை இல்லாததால் விகுதிக்குத் தேவையில்லை என்று இலக்கண ஆசிரியர் விளக்குவார். அட்டையை உடையவரையும் அலுவலக அரபியில் 'ஹாமில்' என்றே எழுதுகின்றனர். 'சுமப்பவர்' என்பது பொருள். ஏறத்தாழ மூன்று மாதம் என் மகள் முதற்பொருளில் மட்டும் ஹாமிலாக இருந்தாள். அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் எவரும் நிம்மதியாக உறங்கவில்லை.

அடுத்து எழுந்தது தாய்வீட்டு வழக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் பெண்களின் எழுதாச் சட்டம். என் மனைவி மகளை ஊருக்கு அழைத்துவர உறுதியாயிருந்தாள். வரலாம்தான். ஆனால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஏழாம் மாதத்துக்குமேல் மருத்துவச் சான்று கேட்கின்றன. 36 வாரம் கடந்தால் ஏற்றுவதில்லை. ஊரில் பெற்றால் அந்தக் காப்பீடு இங்கே உதவாது. ஆறுமாதத்துக்குமேல் நாட்டுக்கு வெளியே தங்கினால் இகாமா வீணாகும். பிறந்த பிள்ளைக்கு இங்கே பாஸ்போர்ட் எடுத்து, அங்கிருந்து நுழைவு அனுமதி பெற்றுத்தான் தாய் திரும்ப முடியும். இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்ன மகள் கடைசியாக ஒன்று சொன்னாள்: "உம்மா, இவருடைய அறைத் தோழர்கள் ஒருவரும் தம் பிள்ளை பிறந்ததைப் பார்த்ததில்லை. இவராவது பார்க்கட்டும்." அதன்பிறகு என் மனைவி வாதாடவில்லை. தானே போவதென்று முடிவு செய்தாள்.

ஒருமாதச் சுற்றுலா விசாவில் 2018 டிசம்பர் இறுதியில் அவள் புறப்பட்டாள். பிள்ளைபெற்றவளுக்கான சுக்கும் மிளகும் திப்பிலியும் இடித்த பொடி, நல்லெண்ணெய், பழந்துணி எல்லாம் மூட்டையாயின. கசகசாவை மட்டும் நான் எடுத்து வெளியே வைத்தேன். நம் அடுக்களையில் அது மசாலாப் பொருள். அமீரகத்திலோ தடை செய்யப்பட்ட பொருள். மூட்டையில் அது இருந்து அகப்பட்டுக்கொண்டோரின் துன்பத்தைக் கேட்டிருக்கிறேன். அரைத்த மசாலாவில் கலந்திருந்தாலும் ஆபத்துத்தான். சில வலிமாத்திரைகளுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. மருத்துவச் சீட்டு இல்லாமல் எதையும் கொண்டு செல்லலாகாது.

2019 ஜனவரியில் பேத்தி பிறந்தாள். தாயும் சேயும் நலம். தொப்பூழ்க்கொடி அறுந்த வேளையில் தந்தை அருகே இருந்தார். அவரே அவள் காதில் பாங்கு சொன்னார். மருத்துவமனைக் கணக்கில் காப்பீடு போக மீதியை அவர் இரு தவணையில் தீர்த்தார். அந்நாளில் தந்தைக்கென்று விடுப்பு எதுவும் சட்டத்தில் இல்லை. கடை முதலாளி இரண்டு நாள் தந்தார். 2020க்குப் பின் தனியார் துறையில் தாய் தந்தை இருவருக்கும் ஐந்து நாள் பெற்றோர் விடுப்பு வந்திருக்கிறது.

பிள்ளை பிறந்ததோடு தாள்கள் முடிவதில்லை. அம்மண்ணில் பிறந்ததால் அந்நாட்டுக் குடியுரிமை வருவதில்லை. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் நம் துணைத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். அக்குழந்தைக்கு வேறு நாட்டின் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தரவேண்டும். 120 நாளுக்குள் குழந்தைக்கும் இகாமா எடுக்க வேண்டும். தவறினால் நாள்தோறும் தண்டம் ஏறும். முதல் 30 நாள் கழிந்தால் குழந்தைக்கும் தனிக்காப்பீடு வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் அடிப்படையாக முன்னே சென்றது அந்த ஒரே தாள். முத்திரைகள் நிறைந்த திருமணச் சான்றிதழ்.

எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்ததைச் சொன்னேன். அதிலிருந்து பெற்றோருக்குச் சொல்லத்தக்கவை சில உண்டு. நிக்காஹ் முடிந்ததும் தஃப்தரோடு நில்லாமல் அரசுப் பதிவையும் அந்த வாரமே செய்துவிடுக. பெயர், தந்தை பெயர், பிறந்த நாள் ஆகியன பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கின்றனவா என்பதை அலுவலகத்தைவிட்டு வெளியேறுமுன்னரே சரிபார்த்துக் கொள்க. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பது நம் பெண்களிடையே மிகுதி. 2022 நவம்பர் முதல் அத்தகைய பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை அமீரகம் ஏற்பதில்லையென்று அறிவித்தது. தந்தை பெயரையோ குடும்பப் பெயரையோ சேர்த்து முன்கூட்டியே திருத்திக்கொள்வது நலம். சான்றொப்பங்களைப் பயணத்துக்கு முன்பே முடித்து வைப்பதால் நட்டமில்லை. வாய்ப்பிருந்தால் மனைவி இகாமாவுக்குரிய நுழைவு அனுமதியோடே செல்லட்டும். காப்பீடு தொடங்கிய பின் கருவுறுதல் நேர்ந்தால் கவலை பாதி குறையும். இது இறைவன் கையிலுள்ளதென்றாலும், ஒட்டகத்தைக் கட்டிவைப்பது நம் கையில் இருக்கிறது.

நாட்டுக்கு நாடு விதி வேறு. ஒரே அமீரகத்திலும் அபூதபி 2005ஆம் ஆண்டிலேயே காப்பீட்டுச் சட்டம் இயற்றியது; துபாய் 2013இல்; ஷார்ஜா முதலிய மற்றப் பகுதிகளில் தனியார் பணியாளருக்கும் வீட்டுப் பணியாளருக்கும் 2025 ஜனவரி முதல்தான் கட்டாயமாகியிருக்கிறது. சவூதியில் 2017 ஜூலை முதல் உடனிருக்கும் குடும்பத்தாருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டு, ஆண்டுதோறும் உயர்ந்து, 2020இல் 400 ரியாலாயிற்று. அக்கட்டணம் தாளாமல் மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டு மீண்டும் கட்டிலறைக்குத் திரும்பிய நம்மவர் பலர். ஆகவே கேட்டறிவது யாரிடம் என்பதும் முக்கியம். முகவரின் வாய்மொழியை விட்டு, அந்தந்த நாட்டு அரசு அறிவிப்பைக் கேட்டறிக.

ஜமாஅத்துப் பெரியவர்களுக்கும் ஒரு சொல். வளைகுடா நகரங்களில் நம் ஊர்ச் சங்கங்கள் பல இயங்குகின்றன. இஃப்தார் விருந்து நடத்துகின்றன. ஊர்ப் பள்ளிக்கு மினாரா எழுப்ப நிதி திரட்டி அனுப்புகின்றன. நல்ல பணிகளே. அவற்றோடு ஒரு சிறு 'கர்ள் ஹஸன்' நிதியும் வைத்தால் என்ன? வட்டியில்லாக் கடனாக, அட்டை வருமுன் கருவுற்றிருக்கும் ஒரு பெண்ணுக்கு, நள்ளிரவில் முன்பணம் கேட்கும் மருத்துவமனைக்குக் கொடுக்க, ஒரு தொகை. எட்டுப்பேர் தம் பெருநாள் பணத்தைத் திரட்டிக் கொடுத்ததால் ஓருயிருக்கு உரிய நேரத்தில் மருத்துவம் கிட்டியது. அந்த எட்டுப்பேர் இல்லாத அறையின் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? அந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டு, அறைகளில் தனித்து வாழும் அந்த ஆண்களும் தம் பிள்ளைகள் பிறக்கும் வேளையில் அருகிருக்கும் நாளை அல்லாஹ் தருவானாக என்று நாம் துஆச் செய்வோம். அதற்கு ஆமீன் சொல்லும் தஃமீனில் எல்லாரும் பங்கு கொள்ளலாம்; அதற்குக் கட்டணமில்லை.